கூலி என்னும் சொல்லும் கலிபோர்னிய ஆய்வாளரும்



கூலி என்னும் சொல் இன்று இழிந்த சொல்லாகக் கருதப்படுகின்றது. ஒருவனைக் கூலிக்காரன் என்று சுட்டினால் அது வசையாகின்றது. சொல்லின் பிறப்பை அறிந்தார்க்கு இது வியப்பளிக்கும். கூலம் என்பது தவசம். உழைத்தவனுக்குக் கூலத்தை அளந்து கொடுத்தமையால் அவன் பெற்றது கூலி ஆயிற்று என்பார் பாவாணர். சம்பளம் என்பதும் அவ்வாறே சம்பா நெல்லையும் அளமாகிய உப்பையும் குறித்து எழுந்தது என்பர். வள்ளுவப் பெருந்தகை ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், உடல் வருந்த முயன்றவன் பெறும் பயனைக் கூலி என்னும் சொல்லாலேயே குறித்தார். அவர்க்கு அச்சொல்லில் கூச்சம் இருந்ததில்லை. உழைப்புக்கும் அதன் ஈட்டுக்கும் இடையில் ஒரு கடப்பாடு உண்டு. அக்கடப்பாட்டின் பெயரே கூலி. கொடுப்பவன் கொடுத்தே தீர வேண்டும். பெறுபவன் கேட்டுப் பெறலாம்.

அதே பணத்துக்கு உதவித்தொகை என்று பெயரிட்டுப் பாருங்கள். பணத்தின் அளவு மாறவில்லை. செய்த வேலை மாறவில்லை. மாறியது பெயர் ஒன்றே. ஆனால் அப்பெயரோடு உறவே தலைகீழாகின்றது. கொடுப்பவன் வள்ளல் ஆகின்றான்; பெறுபவன் இரவலன் ஆகின்றான். வள்ளலிடம் கணக்குக் கேட்பதும், காலம் தாழ்ந்தது என்று முறையிடுவதும், கூட்டம் கூடிப் பேசுவதும் நன்றி கொன்ற செயலாகிவிடும். சொல்லாராய்ச்சி வேலையற்றவர் பொழுதுபோக்கு என்று எள்ளுவார் சிலர் உளர். ஒரு சொல்லுக்காக ஒரு பெரும் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் கூட்டம் பல்லாண்டுகள் போராடிய வரலாற்றை அன்னோர் கேட்பாராக. அப்போராட்டம் தமிழ்நாட்டில் நிகழ்ந்ததன்று. அமெரிக்க ஒன்றிய நாடுகளுள் ஒன்றாகிய கலிபோர்னியாவில் நிகழ்ந்தது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1868 ஆம் ஆண்டில் அம்மாநில மக்களின் பொதுச்சொத்தாக நிறுவப்பெற்றது. பெர்க்கிலி, இலாசு ஏஞ்சலீசு, சான் தியேகோ, சாந்தா குரூசு முதலாகப் பத்து வளாகங்கள் அதற்கு உண்டு. அணுவியல், உயிரியல், மருத்துவம், கணிப்பொறி என எத்துறையை எடுத்தாலும் உலகின் முன்னணி ஆய்வுக்கூடங்களுள் சில அங்குள்ளன. நோபல் பரிசு பெற்ற பேராசிரியர்தம் பெயர்கள் உலகறிந்தவை. அவர்தம் ஆய்வுக்கூடங்களில் இரவு பதினொரு மணிக்கு விளக்கை எரியவிட்டு உயிரணுக்களுக்கு உணவு மாற்றிக்கொண்டிருப்பவர் பெயரை உலகம் அறியாது. அவரே மாணவ ஆய்வர். முனைவர்ப் பட்டத்துக்குப் பயின்றுகொண்டே, பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் பணம் பெற்று வேலை செய்பவர்.

இவ்வேலை நடைபெறும் முறையை விளங்கிக்கொண்டால்தான் வழக்கின் உள்முடிச்சு தெரியும். பேராசிரியர் ஒரு திட்டத்தை எழுதி நடுவண் அரசின் நல்கை நிறுவனங்களுக்கு விடுக்கின்றார். நாட்டு நலவாழ்வு நிறுவனங்கள், நாட்டு அறிவியல் அறக்கட்டளை போன்றவை அத்திட்டத்துக்குப் பணம் வழங்குகின்றன. அப்பணத்தோடு மேற்செலவு என்னும் பெயரில் ஒரு பெருந்தொகையைப் பல்கலைக்கழகமும் பெறுகின்றது. திட்டத்தில் சொன்ன ஆய்வைச் செய்து முடிப்பவர் பெரும்பாலும் மாணவ ஆய்வர். கருவியை இயக்குபவர் அவர், அளவைகளைக் குறிப்பவர் அவர், கணக்கிடுபவர் அவர், கட்டுரையின் முதற்படியை எழுதுபவரும் பல வேளைகளில் அவரே. அக்கட்டுரை வெளிவந்தால்தான் பேராசிரியர்க்கு அடுத்த நல்கை கிடைக்கும். நல்கை வந்தால்தான் பல்கலைக்கழகத்துக்கு மேற்செலவுத் தொகை வரும். ஏட்டளவில் கிழமைக்கு இருபது மணிநேர வேலை. ஆய்வுக்கூடத்தில் நாற்பது, ஐம்பது என்று நீளும். மிகுந்த மணிநேரமெல்லாம் அவருடைய சொந்தப் படிப்பு என்று எழுதப்படும். ஒரே மேசை, ஒரே கருவி, ஒரே கை. இருபதாம் மணிநேரம் முடிந்தவுடன் வேலை படிப்பாக மாறிவிடும் விந்தையை அங்கே காணலாம்.

பல்கலைக்கழகத்தார் கூறிய மறுப்பு இம்முடிச்சின்மேல் நின்றதே. "இவர் செய்யும் ஆய்வு இவருடைய பட்ட ஆய்வேட்டுக்கே பயன்படுகின்றது. தம் கல்விக்காகத் தாம் உழைப்பவர் தொழிலாளர் ஆவது எங்ஙனம்? இவர் மாணவர், பெறுவது கல்வி உதவி" என்பதே அம்மறுப்பின் சாரம். முற்றிலும் வெற்றுரை என்று இதனைத் தள்ளிவிடல் ஆகாது. ஆய்வேடும் பணியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தல் மெய்யே. ஆனால் பின்னிக் கிடத்தலால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடுமா என்பதன்றோ வினா?

கொத்தனாரிடம் சித்தாளாகச் சேரும் இளைஞன் செங்கல் சுமக்கின்றான், சாந்து குழைக்கின்றான், கரணை பிடிக்கவும் தூக்குக்குண்டு பார்க்கவும் கற்றுக்கொள்கின்றான். சில ஆண்டுகளில் அவனே கொத்தனார் ஆகலாம். (பெண் சித்தாளை ஒருநாளும் கொத்தனார் ஆக விடுவதில்லை என்பது வேறொரு கொடுமை, அதனைத் தனியே பேச வேண்டும்.) அவன் கற்றுக்கொள்கின்றான் என்பதற்காக மாலையில் அவன் கையில் வைப்பதற்கு உதவித்தொகை என்று யாரும் பெயர் சொன்னதில்லை. சித்தாள் கூலி குறைந்த கூலி, எனினும் கூலியே. எந்தத் தொழிலில்தான் கற்றல் இல்லை? தச்சன் உளியில் கற்கின்றான்; உழவன் ஒவ்வொரு போகத்திலும் கற்கின்றான். கற்றுக்கொண்டே செய்வதால் உழைப்பு உழைப்பன்று என்றால், உலகில் உழைப்பு என்பதே இராது.

இவ்வுண்மையைக் கலிபோர்னிய மாநிலத் தலைமை முறைமன்றமே (நீதிமன்றமே) ஒருமுறை ஒப்புக்கொண்டுள்ளது. உயர்கல்வி நிலையங்களில் வேலை தருவோர்க்கும் வேலை செய்வோர்க்கும் இடையிலான உறவை வரையறுக்கும் சட்டம் ஒன்று 1978 இல் இயற்றப்பட்டு 1979 இல் நடைமுறைக்கு வந்தது. மாணவராயிருந்துகொண்டே பணிபுரிவோர்க்கு அச்சட்டத்தில் ஒரு தடை வைக்கப்பட்டிருந்தது. அவர் செய்யும் பணியில் கல்வி நோக்கம் முதன்மையா, பணி நோக்கம் முதன்மையா என்று நிறுத்துப் பார்த்து, பணி நோக்கமே விஞ்சினால்தான் பணியாளர் என்று ஏற்கலாம் என்பது அதன் கருத்து. பல்கலைக்கழக மருத்துவமனைகளில் பயிற்சி பெறும் இளமருத்துவர்களின் வழக்கு 1986 இல் தலைமை முறைமன்றத்துக்கு வந்தது. நோயாளியைக் காப்பதே அவர்தம் பணியின் பெரும்பகுதி. ஆகலின் அவர் பணியாளரே என்று தீர்ப்பாயிற்று. ஆனால் பெர்க்கிலி வளாகத்தின் மாணவப் பணியாளர் வழக்கு 1992 இல் மேல்முறையீட்டு மன்றத்தில் தோற்றது. அவ்விடத்தில் அதே தராசு மறுபக்கம் சாய்ந்தது. தராசைப் பிடித்த கை எது என்பதைப் பொறுத்தே நிறை அமையும் போலும்.

வகுப்பு நடத்தியும் விடைத்தாள் திருத்தியும் பணிபுரியும் மாணவர்கள் ஓயாமல் போராடினர். விசுகான்சின் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் மாணவர்கள் 1970 ஆம் ஆண்டிலேயே வேலைநிறுத்தம் செய்து உடன்படிக்கை பெற்றிருந்தமை அவர்கட்கு முன்மாதிரி. 1998 திசம்பரில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பல வளாகங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் பின், 1999 இல் அவர்தம் தொழிலாளர் ஒன்றியம் ஏற்கப்பட்டது. ஏட்டிலும் தெருவிலும் தொழிற்சங்கம் என வழங்குவதையே ஒன்றியம் என்கிறோம். ஆயினும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்வோர் மட்டும் வெளியே நிறுத்தப்பட்டனர். காலையில் ஒரு வகுப்பை நடத்துங்கால் தொழிலாளியாயிருந்தவர், மாலையில் ஆய்வுக்கூடத்துள் கால் வைத்தவுடன் வெறும் மாணவர் ஆனார்.

இவர்தம் பணிப்பெயரையே நோக்குக. மாணவ ஆய்வர் என்பதில் மாணவர் என்னும் அடைமொழி முன்னே நிற்கின்றது. அது அழகுக்கு வைத்த அடைமொழியன்று. சட்டத்துக்கு வைத்த வேலி. ஆனால் இவ்வேலி ஒருபக்க வேலி என்பதைக் காட்ட ஒரு சான்று போதும். ஆய்வில் புதுமை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் அதன் காப்புரிமை யாருக்கு? பல்கலைக்கழகத்தின் பணியாளர் கையொப்பமிடும் காப்புரிமை ஒப்புதல் ஏட்டில் இவரும் கையொப்பமிட வேண்டும். கண்டுபிடிப்பைப் பெற்றுக்கொள்ளும்போது பணியாளர். கூலியை உயர்த்திக் கேட்கும்போது மாணவர். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் வைத்து, வேண்டும்போது வேண்டிய பெயரால் அழைப்பது ஆண்டைகளின் பழைய கலை.

2017 ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. நான்சி சுகின்னர் என்னும் மாநில மேலவை உறுப்பினர் கொண்டுவந்த திருத்தத்தில் ஆளுநர் செர்ரி பிரவுன் கையொப்பமிட்டார். மாணவ ஆய்வரும் பணியாளரே என்று சட்டம் இப்பொழுது வெளிப்படையாகக் கூறியது. இத்துடன் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் சட்டத்தில் உரிமை எழுதப்படுவது வேறு, கைக்கு வந்து சேர்வது வேறு. இதனை இந்தித் திணிப்பு எதிர்ப்பு வரலாறு அறிந்த தமிழர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெருந்தொற்றுக் காலத்திலும் ஆய்வாளர்கள் ஆள் ஆளாகப் பேசினர். துறை துறையாக, ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமாக ஒப்புதல் சீட்டுகளில் கையொப்பம் பெற்றனர். 2021 மே திங்களில் 10,000க்கும் மேற்பட்ட சீட்டுகளைப் பொதுத்துறை வேலையுறவு வாரியத்திடம் கொடுத்தனர். பெரும்பான்மையோர் ஒப்பியுள்ளனர் என்று வாரியமும் கண்டது. அப்பொழுதுதான் பல்கலைக்கழகம் தன் கடைசி அம்பை எடுத்தது.

அந்த அம்பு கூர்மையானது. மாணவ ஆய்வர் அனைவர்க்கும் பணம் ஒரே வழியில் வருவதில்லை. சிலர்க்குப் பேராசிரியரின் திட்ட நல்கையிலிருந்து வருகின்றது. வேறு சிலர்க்கு அவர்தம் பெயரிலேயே வழங்கப்பட்ட ஆய்வு நல்கையிலிருந்தோ, துறைக்கு வழங்கப்பட்ட பயிற்சி நல்கையிலிருந்தோ வருகின்றது. முன்னவர் மட்டுமே பணியாளர், பின்னவர் பயிற்சியர். அவர் ஒன்றியத்தில் சேர இயலாது என்றது பல்கலைக்கழகம். அருகருகே அமர்ந்து ஒரே நுண்ணோக்கியில் மாறி மாறிப் பார்க்கும் இருவரை எண்ணிப் பாருங்கள். இருவர்க்கும் ஒரே பேராசிரியர்; ஒரே திட்டம்; ஒரே நச்சு நீர்மத்தைக் கையாளுகின்றனர். ஒருவர் கையுறை கிழிந்து தோல் வெந்தால் தொழிலாளிக்கு நேர்ந்த தீங்கு. மற்றவர்க்கு வெந்தால் மாணவர்க்கு நேர்ந்த தீங்கு. பணம் எந்தப் பையிலிருந்து வந்தது என்பதால் உழைப்பின் தன்மை மாறிவிடுமா? அதிலும் கொடுமை ஒன்று உண்டு. இவ்வாண்டு திட்ட நல்கையில் இருப்பவர் அடுத்த ஆண்டு பயிற்சி நல்கைக்கு மாறலாம். அவ்வாறாயின் அவர் தொழிலாளியாகப் படுத்துப் பயிற்சியராக எழுவார். திறமையால் தனி நல்கை வென்றவர் உரிமையை இழப்பார். அந்நல்கை கிடைக்காதவர் உரிமையோடு இருப்பார்.

இவ்விடத்தில் அவ்விளைஞர்கள் எடுத்த முடிவே இவ்வரலாற்றின் நெஞ்சாங்குலை. பெரும்பகுதியினர்க்கு உரிமை கொடுக்கப் பல்கலைக்கழகம் அணியமாகவே இருந்தது. வருவதை வாங்கிக்கொண்டு, விடுபட்டவர்க்குப் பின்னர் வழக்காடலாம் என்று அவர்கள் அமைந்திருக்கலாம். பட்டறிவுடையோர் பலரும் அதனையே அறிவுரையாகக் கூறியிருப்பர். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. அனைவரையும் ஏற்றாலன்றி வேலைநிறுத்தம் என்று ஒப்போலை (வாக்கு) நடத்தினர். 2021 நவம்பரில் 10,000க்கும் மேற்பட்டோர் ஒப்போலை இட்டனர். 97 விழுக்காட்டுக்கு மேல் வேலைநிறுத்தத்துக்கு இசைந்தனர். திசம்பரில் பல்கலைக்கழகம் இறங்கி வந்தது. ஏறத்தாழ 17,000 மாணவ ஆய்வர்களைக் கொண்ட ஒன்றியம் ஏற்பளிக்கப்பட்டது. ஒரு நாள்கூட வேலையை நிறுத்தாமலே அவ்வெற்றி கிட்டியது.

அவர்கள் இணைந்த பேரமைப்பு எது தெரியுமா? ஊர்தித் தொழிலாளர் ஒன்றியம். 1935 இல் திட்டிராய்ட்டு நகரில் தோன்றி, 1936-37 இல் பிளிண்டு நகரின் மகிழுந்து ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து போராடி முதலாளிகளைப் பணியவைத்த ஒன்றியம் அது. இரும்பு அடிப்பவனும் பூட்டாணி முடுக்குபவனும் கட்டிய அமைப்பில் மரபணு ஆராய்பவரும் வானியல் கணக்கிடுபவரும் உறுப்பினராயினர். படித்தவன் கையழுக்குப்படாதவன், கையழுக்குப்பட்டவன் படியாதவன் என்னும் பிளவை நம் மண்ணில் பிறப்பின் பெயரால் விதைத்தவர் யார் என்பதை இவ்வவையில் மீண்டும் சொல்ல வேண்டா. ஓதுபவன் மேல், உழுபவன் கீழ் என்று வகுத்த அந்நஞ்சு இன்றும் தமிழ்நாட்டுப் படித்தவர் நெஞ்சில் ஊறிக் கிடக்கின்றது. கலிபோர்னிய ஆய்வாளர்க்குத் தம்மைத் தொழிலாளி என்று அழைத்துக்கொள்வதில் நாணம் இல்லை. அங்குள்ள தமிழ்ப்பிள்ளைகளும் அவ்வட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு மறியலில் நின்றிருப்பர் என்று எண்ணும்போது நெஞ்சு குளிர்கின்றது. கிண்டியிலும் கோவையிலும் பயின்று கடல் கடந்து சென்ற பிள்ளைகள் அவ்வளாகங்களில் உளர் அன்றோ? அயல்நாட்டு மாணவர்க்கு நுழைவிசைவும் பல்கலைக்கழகத்தின் கையில். கூலியும் அதன் கையில். பட்டமும் அதன் கையில். மூன்று கயிறும் ஒருவன் பிடியில் இருக்கும்போது தனித்து நின்று கேட்க யாரால் இயலும்?

ஒன்றியம் அமைந்தபின் கூலிப் பேச்சு தொடங்கியது. கலிபோர்னியக் கடற்கரை நகரங்களில் வீட்டு வாடகை வானைத் தொடும். வாடகைக்குத் தூய தமிழில் குடிக்கூலி என்று பெயர். கூலியிற் பாதிக்கு மேல் குடிக்கூலிக்கே போய்விடுகின்றது என்பதே அவ்விளைஞர் முறையீடு. சாந்தா குரூசு வளாகத்தில் கற்பிக்கும் மாணவர்கள் 2019 திசம்பரில் மதிப்பெண்களை வெளியிடாமல் நிறுத்தி, குடிக்கூலிக்காகத் திங்கள்தோறும் 1,412 தாலர் கூடுதலாகக் கேட்டனர். அதற்காக 2020 தொடக்கத்தில் 50க்கும் மேற்பட்டோர் பணி நீக்கப்பட்டனர். அந்தப் புண் ஆறாதிருந்தது.

2022 நவம்பர் 14 அன்று பத்து வளாகங்களிலும் 48,000 பேர் வேலையை நிறுத்தினர். மாணவ ஆய்வர், கற்பிக்கும் மாணவர், முனைவர்ப் பட்டத்துக்குப் பின் ஆய்வு செய்வோர், நிலையான ஆய்வுப் பணியாளர் என நான்கு பிரிவினரும் ஒருங்கே இறங்கினர். அமெரிக்க உயர்கல்வி வரலாற்றில் அத்துணைப் பெரிய வேலைநிறுத்தம் அதற்குமுன் நிகழ்ந்ததில்லை. மாணவப் பணியாளர் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 24,000 தாலர் பெறுகின்றனர் என்று ஒன்றியத்தார் கணக்குக் காட்டினர். 54,000 தாலர் கேட்டனர். ஆய்வுக்கூடங்கள் ஓய்ந்தன, பருவத் தேர்வு விடைத்தாள்கள் திருத்தப்படாமல் கிடந்தன. நவம்பர் இறுதியில் முனைவர்க்குப் பிந்திய ஆய்வர்க்கும் ஆய்வுப் பணியாளர்க்கும் தனி உடன்பாடு எட்டப்பட்டது. அவர்கள் உடனே வேலைக்குத் திரும்பினாரில்லை. தம் ஒப்போலை முடியும்வரை மற்ற இருவரோடும் மறியலில் நின்றனர்.

திசம்பர் 23 அன்று மற்றை இரு பிரிவினர்க்கும் உடன்படிக்கை உறுதியாயிற்று. மாணவ ஆய்வரின் குறைந்த அளவு ஆண்டுக் கூலி 2024 அக்தோபருக்குள் ஏறத்தாழ 34,500 தாலராக உயரும் என்று முடிவாயிற்று. மகப்பேற்றுக்கும் நோய்க்கும் கூலியுடன் விடுப்பு. குழந்தை வளர்ப்புக்குத் தொகை. கொடுமைக்குள்ளானால் முறையிடும் வழி. கேட்டது 54,000, கிடைத்தது 34,500. இதனை முழு வெற்றி என்று முழங்குவது பொய்யாகும். மாணவ ஆய்வருள் 68 விழுக்காட்டினரே இவ்வுடன்படிக்கைக்கு இசைந்தனர். கற்பிக்கும் மாணவருள் இசைவு அதனினும் குறைவு. பொறுத்திருந்தால் மேலும் பெற்றிருக்கலாம் என்று எதிர்த்து ஒப்போலை இட்டவர் சாந்தா குரூசு போன்ற வளாகங்களில் பெரும்பான்மையராயிருந்தனர். உடன்படிக்கைக்குப்பின், உயர்ந்த கூலிக்கு ஈடாக நல்கைத்தொகை உயரவில்லை என்று கூறிச் சில துறைகள் புதிய மாணவரைக் குறைத்துச் சேர்த்தன. கூலியை உயர்த்திக் கேட்டால் வேலையைக் குறைப்போம் என்னும் விடை தொழிலாளர் உலகிற்குப் புதிதன்று. ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. ஓராண்டுக்கு முன்னர்த் தொழிலாளியே அல்லர் என்று தள்ளப்பட்டவர், இப்பொழுது பல்கலைக்கழகத்தோடு எதிரெதிரே மேசையில் அமர்ந்து உடன்படிக்கை எழுதினர். 2024 இல் அப்பல்கலைக்கழகத்து ஒன்றியக் கிளைகள் 4811 எனும் எண்ணுடைய ஒரே கிளையாகவும் ஒன்றுபட்டன.

இதற்கு மாறாக மிச்சிகன் மாநிலத்தில் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. ஊர்தித் தொழிலாளர் ஒன்றியம் பிறந்த மாநிலம் அது. அங்குள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவே 2011 இல், ஆறு பேர் இசைந்தும் இருவர் மறுத்தும், மாணவ ஆய்வர் ஒன்றியம் அமைக்க ஒப்போலை நடத்தலாம் என்று தீர்மானித்தது. பல்கலைக்கழகத் தலைவர் அதனை எதிர்த்தார். ஒப்போலை நடக்குமுன்பே, 2012 மார்ச்சுத் திங்களில், மாணவ ஆய்வர் பொதுப்பணியாளர் ஆகார் என்று மாநில அரசு ஒரு சட்டமே இயற்றிவிட்டது. 2014 இல் நடுவண் முறைமன்றம் ஒன்று அச்சட்டத்தைத் தள்ளியது. பின்னும் அவ்வழக்கு ஓயவில்லை. ஒரு சொல்லை ஒருவர்க்குக் கொடுக்காதிருக்கச் சட்டமன்றமே கூட வேண்டியிருந்தது என்றால், அச்சொல்லின் விலையை உய்த்துணர்க.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்குள்ள பல்கலைக்கழகங்களில் முனைவர்ப் பட்ட ஆய்வர் பெறுவதற்கும் உதவித்தொகை என்றே பெயர். ஆங்கிலப் பித்தர் அதனை ஸ்டைபெண்ட் என்றும் பெல்லோசிப் என்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வர். நடுவண் அரசின் இளநிலை ஆய்வர்க்குரிய தொகை 2023 சனவரி முதல் திங்களுக்கு 37,000 உரூபா என்று உயர்த்தப்பட்டது. அதனைப் பெறுவோர் சிலர். ஒன்றும் பெறாதார் பலர். பெறுவோர்க்கும் திங்கள்தோறும் வருவதில்லை. பல திங்கள் சேர்ந்து வருவதும், வராமலே கடனில் காலந்தள்ளுவதும் ஆய்வர் உள்ள வீடெல்லாம் அறிந்த செய்தி. நெறியாளர் வீட்டுக்குக் காய்கறி வாங்கித் தருவதும், அவர் பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருவதும், அவர் பெயரில் வெளிவரும் நூலுக்கு மெய்ப்புத் திருத்துவதும் ஆய்வின் உறுப்புகளாகவே சில இடங்களில் ஆகிவிட்டன. முறையிட்டால் ஆய்வேட்டில் கையொப்பம் விழாது. உதவி பெறுபவன் முறையிடுவது எங்ஙனம்?

ஆசிரியர் நிலையும் இத்தகையதே. தொழில் தகராற்றுச் சட்டத்தின்படி ஆசிரியர் தொழிலாளி ஆகார் என்று 1988 இல் இந்திய உச்சமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் பணிநீக்கப்பட்ட ஒரு பள்ளியாசிரியை. கல்வி புகட்டல் மேன்மையான பணி, அது தொழிலாளி செய்யும் வேலை போன்றதன்று என்னும் கருத்து அத்தீர்ப்பில் இருந்தது. மேன்மையானது என்று பாராட்டிவிட்டுத் தொழிலாளிக்குள்ள காப்பைக் கையிலிருந்து பறிக்கும் இப்பாராட்டை யார் கேட்டது? மேன்மை என்னும் பொன்னாடையைப் போர்த்தி வயிற்றை மூடும் கலை கலிபோர்னியாவிலும் ஒன்றே, தில்லியிலும் ஒன்றே.

ஆய்வரைக் கூட்டிக் கழகம் அமைப்பது ஒருநாள் வேலையன்று. கலிபோர்னியர்க்கு அது தலைமுறை வேலையாயிற்று. எனினும் பெயரைத் திருத்துவதற்கு எவர் இசைவும் வேண்டுவதில்லை. தமிழ்ச் சொல்லாக்கத்தில் தேர்ந்த தோழர்கள் இவ்வவையில் உளர். ஆய்வூதியம் என்னும் சொல் எளிது, பொருள் தெளிவு, ஓய்வூதியம் என்பதனோடு ஒத்து ஒலிப்பதால் நாவிலும் பழகிவிடும். உதவித்தொகை என்பது ஏழை மாணவர் படிப்புக்குத் தரும் பணத்துக்கு உரிய பெயர். அது அங்கேயே இருக்கட்டும். வேலை வாங்கிக்கொண்டு தரும் பணத்துக்கு ஆய்வூதியம் என்று பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தம் ஏடுகளில் முதலில் எழுதத் தொடங்கலாம். தமிழ்வழி அரசாணைகளை ஆக்குவோர்க்கு இச்சொல்லை விடுத்து வைக்கலாம். ஆய்வு மாணவரே தம் விண்ணப்பங்களில், "நான்கு திங்களாக உதவித்தொகை வரவில்லை, அருள்கூர்ந்து வழங்குக" என்று எழுதுவதை விட்டு, "நான்கு திங்கள் ஆய்வூதியம் நிலுவையில் உள்ளது, எந்நாளில் கிடைக்கும் என்று தெரிவிக்க" என்று எழுதிப் பார்க்கட்டும். ஒருவர் எழுதினால் அலுவலர் நகைப்பார். ஒரு துறையில் உள்ள இருபதின்மரும் ஒரே நாளில் அவ்வாறே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால், அவ்விருபது தாளும் அலுவலர் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்.